கொடுத்த ரத்தமும் குடிக்கும் பீரும்

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், ரத்ததானம் செய்துவிட்டுக் கட்டிலைவிட்டு எழுந்தவர்களுக்கு ஒரு காலத்தில் கின்னஸ் பீர் கொடுத்தார்கள். அந்த ஊரின் பெருமையான கருநிற ஸ்டவுட் அது. 1759-இல் ஆர்தர் கின்னஸ் குத்தகைக்கு எடுத்த ஆலையில் இன்றும் காய்ச்சப்படுகிறது. அதில் இரும்புச்சத்து நிறைந்திருக்கிறது, போன ரத்தத்தை மீண்டும் ஊறவைக்கும் என்பது அங்கே பாட்டி காலத்து நம்பிக்கை. பிள்ளை பெற்றவர்களுக்கும் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தவர்களுக்கும்கூட அதைக் கொடுத்த காலம் உண்டு. 1929-இல் தொடங்கிய கின்னஸ் விளம்பரங்களும் அது உடம்புக்கு நல்லது என்றே சொல்லின. இப்போது ரத்ததானத்துக்குப் பிறகு பீர் கொடுக்கும் வழக்கம் அயர்லாந்தில் இல்லை.

அட்லான்டிக்கின் மறுகரையில் அதே எண்ணம் வேறு வடிவில் தழைத்திருக்கிறது. அமெரிக்க ஊர்களில் சின்னச் சின்ன பீர் ஆலைகள் ரத்த வங்கிகளோடு கைகோத்து முகாம் நடத்துகின்றன. ஆலை வாசலில் ரத்தம் சேகரிக்கும் பேருந்து வந்து நிற்கும். கொடுத்தவருக்கு ஒரு கூப்பன் கிடைக்கும். அதைக் காட்டினால் ஒரு கோப்பை கிராஃப்ட் பீர் இலவசம். அளவும் பொருந்திவருகிறது: அமெரிக்க பைன்ட் 473 மில்லி லிட்டர்; அங்கே ஒருவரிடம் எடுக்கும் ரத்தமும் ஏறக்குறைய அரை லிட்டர். ஒரு பைன்ட் கொடுத்து ஒரு பைன்ட் வாங்கிக்கொள்ளும் கணக்கு.

எனக்கு இந்த வழக்கத்தின் மேல் மதிப்பு உண்டு. யாரென்றே தெரியாத ஒருவருக்காகக் கையை நீட்டியவரை ஊர்க்காரர்கள் கொண்டாடுகிறார்கள். ஆலை முதலாளி தன் கைப்பக்குவத்தில் காய்ச்சியதை எடுத்துக் கொடுக்கிறார். இதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கோப்பை போய்ச் சேரும் உடம்புக்குள் அந்த நேரத்தில் பெரிய வேலை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அது என்ன வேலை, எத்தனை நாள் பிடிக்கும் வேலை என்று தெரிந்துகொண்டு நன்றி சொன்னால் அந்த நன்றி இன்னும் சிறப்பாக இருக்கும்.

70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அரை லிட்டர் எடுத்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மொத்தமே மூன்றேகால் லிட்டர்தான். அவரிடம் அதே அளவு எடுத்தால் ஏழில் ஒரு பங்குக்கும் மேல். நம் நாட்டில் எடை குறைந்தவர்களிடம் 350 மில்லி, 55 கிலோவுக்கு மேற்பட்டவர்களிடம் 450 மில்லி என்று இரண்டு அளவுப் பைகள் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

ரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில் இருக்கிறது. படுத்திருக்கும்போது அது தடையின்றி இதயத்துக்குத் திரும்புகிறது. எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேல் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை உடனே கண்டுபிடித்து மூளைக்குச் சொல்ல, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இதயம் வேகமெடுக்கிறது. நாம் அறியாமலே ஒவ்வொரு முறை எழும்போதும் நடப்பது இது. ரத்தம் கொடுத்தவரின் உடம்பு ஏற்கெனவே குழாய்களைச் சுருக்கித்தான் அழுத்தத்தைக் காத்துவருகிறது. அவர் எழுந்து நிற்கும்போது கூடுதலாகச் சுருக்க இடம் குறைவு. சிலருக்கு அந்தக் கட்டத்தில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது: வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது, குழாய்கள் தளர்கின்றன, கண் இருட்டி விழுந்துவிடுகிறார்கள். முதல் முறை கொடுப்பவர்களுக்கும் இளைஞர்களுக்கும் எடை குறைந்த பெண்களுக்கும் இது கூடுதலாக நடக்கிறது. மயக்கம் ஊசி குத்தும்போதே வர வேண்டும் என்றில்லை. வீட்டுக்குப் போகும் வழியிலும் வரலாம். சில மணி நேரம் கழித்தும் வரலாம். கால் மணி நேரம் உட்காரவைத்து, ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்புவது வெறும் உபசாரம் என்று நினைத்து எழுந்து ஓடக்கூடாது.

இழந்ததில் முதலில் திரும்புவது தண்ணீர். தந்துகிகளில் அழுத்தம் குறைந்ததும், செல்களுக்கு இடையில் தேங்கியிருக்கும் திரவம் குழாய்களுக்குள் கசிந்து வரத் தொடங்குகிறது. பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரெசின் என்ற ஹார்மோனை வெளியிடுகிறது. சிறுநீரகத்தில் தண்ணீரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லும் உத்தரவு அது. அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டெரோனைச் சுரந்து உப்பைப் பிடித்துவைக்கிறது. சாப்பிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவின் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். சிவப்பணுக்கள் மட்டும் அப்போது நீர்த்துப்போயிருக்கும்.

ஆக, முதல் நாளில் உடம்பு இரண்டு காரியங்களை நம்பியிருக்கிறது. ஒன்று, குழாய்களைச் சுருக்கிவைப்பது. மற்றொன்று, தண்ணீரை வெளியே விடாமல் காப்பது. ஆல்கஹால் கைவைப்பது சரியாக இந்த இரண்டிலும்தான்.

தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்வோம். மது குடித்தால் சிறுநீர் அதிகமாகப் போகும் என்பது குடித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1942-இல் லண்டனில் கிரேஸ் எகிள்டன் என்ற உடலியங்கியல் அறிஞர் அதை அளந்து பார்த்தார். ஒரு கிராம் ஆல்கஹாலுக்குச் சுமார் 10 மில்லி சிறுநீர் கூடுதலாக வெளியேறுகிறது என்று கண்டார். ஆல்கஹால் வாசோபிரெசின் சுரப்பை அடக்கிவிடுவதுதான் காரணம். 5 சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு பைன்ட் பீரில் ஏறக்குறைய 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எகிள்டன் கணக்குப்படி கிட்டத்தட்ட 190 மில்லி சிறுநீர் கூடுதலாக வெளியே போகும். உடம்பில் ஏற்கெனவே நீர் குறைந்திருந்தால் இந்த விளைவு சற்று மட்டுப்படுகிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. உடம்பும் தன் பங்குக்குப் போராடுகிறது. என்றாலும், 1997-இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை இங்கே நினைக்கத்தக்கது. உழைத்து வியர்த்து நீர் இழந்தவர்களுக்கு ஆல்கஹால் இல்லாத பானத்தையும், 1, 2, 4 சதவீத ஆல்கஹால் உள்ள பானங்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2 சதவீதம் வரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 4 சதவீதத்தில், குறைந்த ரத்தக் கனஅளவு மீண்டும் ஏறுவது தாமதமானது.

அடுத்தது குழாய்கள். 2000-இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களை இடுப்புக்குக் கீழே காற்றழுத்தம் குறைந்த ஒரு பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள். அப்படிச் செய்தால் ரத்தம் கால்களுக்கு இழுக்கப்பட்டு, எழுந்து நிற்கும் நிலை உண்டாகிறது. ரத்தம் இழந்தவரின் நிலையைச் செயற்கையாக உண்டாக்கவும் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆல்கஹால் குடிக்காத நாளில் அவர்களின் குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைத் தாங்கின. குடித்த நாளில் அந்தச் சுருக்கம் சரியாக நிகழவில்லை, ரத்த அழுத்தம் விழுந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு நேராக ஆலையின் கூடத்துக்குப் போய், நின்றபடி கோப்பையைக் கையில் எடுப்பவருக்கு என்ன நடக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேண்டியதில்லை.

கிராஃப்ட் பீர் என்றால் இன்னும் சற்று கவனம் தேவை. 1965-இல் சான் பிரான்சிஸ்கோவில் நொடித்துக்கொண்டிருந்த ஆங்கர் ஆலையை ஃபிரிட்ஸ் மேடேக் வாங்கியதும், 1978-இல் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதிக்கும் சட்டத்தில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டதும் கிராஃப்ட் பீர் இயக்கத்தின் தொடக்கப் படிகள். இன்று அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருக்கின்றன. ருசிக்காக மால்ட்டையும் ஹாப்ஸையும் தாராளமாகப் போடும் இந்தக் காய்ச்சலில் ஆல்கஹாலும் ஏறிவிடுகிறது. ஐபிஏ என்ற கசப்பு வகை 7 சதவீதம் இருப்பது சர்வ சாதாரணம். இம்பீரியல் ஸ்டவுட் 10 சதவீதத்தைத் தொடும். 7 சதவீத ஐபிஏ ஒரு பைன்ட் குடித்தால் 26 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம்தான். ஒரே கோப்பையில் ஏறக்குறைய இரண்டு டிரிங்க் உள்ளே போய்விடுகிறது.

ரத்தம் கொடுத்த அன்று சீக்கிரம் போதை ஏறும், குறைந்த செலவில் மயங்கலாம் என்று ஒரு பேச்சு உலகம் முழுக்க உண்டு. காரணமாகச் சொல்வது, ரத்தம் குறைந்துவிட்டதால் அதில் ஆல்கஹால் அடர்த்தியாகிவிடும் என்பது. கணக்குப் போட்டால் இது நிற்கவில்லை. ஆல்கஹால் ரத்தத்தில் மட்டும் தங்குவதில்லை. உடம்பில் தண்ணீர் உள்ள இடமெல்லாம் பரவுகிறது. ஸ்வீடனின் எரிக் விட்மார்க் 1930-களில் வகுத்த சூத்திரத்தின் அடிப்படையே இதுதான். இன்றும் காவல் துறைகளும் நீதிமன்றங்களும் அதைக் கையாள்கின்றன. 70 கிலோ ஆணின் உடம்பில் சுமார் 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. கொடுத்த ரத்தத்தோடு போன தண்ணீர் அரை லிட்டர்கூட இல்லை. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ரத்தத்தில் ஆல்கஹால் அளவு அதே ஒரு சதவீத அளவுக்குத்தான் உயர முடியும். அன்று தலை சுற்றுவது உண்மைதான். அதைப் போதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது ரத்த அழுத்தம் இறங்குவதன் அறிகுறி. இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது முக்கியம். போதை என்று நினைப்பவர் எழுந்து நடந்து அதைத் தெளியவைக்கப் பார்ப்பார். அழுத்தம் இறங்கியவர் செய்ய வேண்டியதோ உடனே படுத்துக் காலைத் தூக்கி வைப்பது.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ரத்தம் கொடுத்த பின் 24 மணி நேரம் மதுவைத் தவிர்க்கச் சொல்கிறது. இதுவரை பார்த்த காரணங்களுக்குப் பிறகு அது பொருத்தமான கெடு என்றே தோன்றுகிறது. ஆலைகள் தரும் கூப்பனில் 'நாளை முதல் செல்லும்' என்று ஒரு வரி அச்சிட்டால் போதும். விருந்தும் கெடாது, விருந்தாளியும் விழமாட்டார்.

தண்ணீர்க் கடன் இரண்டு நாளில் தீர்ந்துவிடும் கைமாற்று. இரும்புக் கடன் அப்படியல்ல. எனக்கு உண்மையில் கவலை தருவது அதுதான்.

அரை லிட்டர் ரத்தத்தோடு சுமார் 2 லட்சம் கோடி சிவப்பணுக்கள் போகின்றன. எண்ணிக்கை மலைப்பாக இருந்தாலும் எலும்பு மஜ்ஜை அசராது. அது நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்துகொண்டே இருக்கிறது. சிறுநீரகம் ஆக்சிஜன் குறைவை உணர்ந்து எரித்ரோபொயட்டின் ஹார்மோனை அனுப்பியதும் மஜ்ஜை வேகத்தைக் கூட்டுகிறது. தட்டுப்பாடு வருவது மூலப்பொருளில். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒருமுறை கொடுக்கும் ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. ஆண்களின் உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம். மாதவிலக்குள்ள பெண்களுக்கு 300 மில்லிகிராம் இருந்தால் அதிகம். பலருக்கு அதுவும் இராது. சாதாரண நாளில் குடல் உணவிலிருந்து உறிஞ்சுவதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான்.

இப்போது டப்ளின் கோப்பைக்குத் திரும்பலாம். ஒரு பைன்ட் கின்னஸில் இருக்கும் இரும்பு சுமார் 0.3 மில்லிகிராம். அதன் கருமை, வறுத்த பார்லியின் நிறம், இரும்பின் நிறமன்று. போன இரும்பைக் கின்னஸ் குடித்தே மீட்க நினைத்தால் ஏறத்தாழ 700 பைன்ட்டாவது குடிக்க வேண்டும். அதுவும் குடித்த இரும்பு முழுவதும் உடம்பில் சேரும் என்று வைத்துக்கொண்டால்தான். சேராது.

இரும்பு நிறைந்த பீர் உலகில் இல்லாமல் இல்லை. தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கிராமங்களில் சோளத்தைப் புளிக்கவைத்து இரும்புப் பானைகளிலும் பீப்பாய்களிலும் காய்ச்சும் பாரம்பரிய பீரில், லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு அளக்கப்பட்டிருக்கிறது. பாத்திரத்திலிருந்து புளிப்பில் கரைந்து வந்தது. ஆனால் அதைக் காலமெல்லாம் குடித்தவர்களில் பலருக்குக் கல்லீரலில் இரும்பு மிதமிஞ்சிச் சேர்ந்து நோயானது. சிலருக்கு இதில் மரபணுவின் பங்கும் இருக்கலாம் என்று 1992-இல் ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. அயர்லாந்துக்காரர்களுக்கும் இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. இரும்பை அளவுக்கு மீறி உறிஞ்சும் ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரைக் கோளாறு உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடு அது. அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அவ்வப்போது ரத்தத்தை எடுத்துவிடுவதே சிகிச்சை. கோப்பையில் இரும்பு தேடிய நாட்டில், இரும்பைக் குறைத்தாக வேண்டியவர்களும் ஏராளம்.

சரி, உடம்பு இந்தக் கடனை எப்படித் தீர்க்கிறது? குடலில் இரும்பு நுழையும் கதவைக் காப்பது, கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சிறிய புரதம். அது அதிகமானால் கதவு மூடும், குறைந்தால் திறக்கும். ரத்தம் இழந்ததும் ஹெப்சிடின் குறைகிறது. ஆனால் மஜ்ஜையில் இரும்பு வேண்டும் என்ற செய்தி கல்லீரலுக்கு எப்படிப் போகிறது என்பது வெகுநாள் புதிராக இருந்தது. 2014-இல் கலிஃபோர்னியாவில் லியோன் கௌட்ஸ், தோமஸ் கான்ஸ், எலிசபெட்டா நெமத் குழுவினர் எலிகளிடமிருந்து ரத்தம் எடுத்துவிட்டுத் தேடியபோது, இளம் சிவப்பணுக்களே எரித்ரோஃபெரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து கல்லீரலுக்குச் செய்தி அனுப்புவதைக் கண்டுபிடித்தார்கள். ரத்ததானம் செய்த ஒவ்வொருவரின் உடம்பிலும் மறுநாள் முதல் நடக்கும் உரையாடல் இது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வியப்பு அடங்குவதில்லை.

கதவு திறந்திருந்தாலும் உள்ளே வரச் சரக்கு வேண்டுமே! 2015-இல் அமெரிக்காவில் ரத்தம் கொடுத்த 215 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு நாளுக்கு 37.5 மில்லிகிராம் இரும்பு உள்ள மாத்திரை, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. முதலிலேயே இரும்புச் சேமிப்பு குறைவாக இருந்தவர்களில், மாத்திரை எடுத்தவர்களுக்கு இழந்த ஹீமோகுளோபினில் 80 சதவீதம் மீள 32 நாள் ஆனது. எடுக்காதவர்களுக்கு 158 நாள். மாத்திரை எடுக்காதவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு 168 நாள் கழித்தும் இரும்புச் சேமிப்பு பழைய நிலைக்கு வரவில்லை. அமெரிக்காவில் அடுத்த முறை கொடுக்க 56 நாள் இடைவெளி போதும் என்று விதி இருக்கிறது. இந்தியாவில் ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள். இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால், தவறாமல் கொடுக்கும் நல்ல மனம் படைத்தவர்கள்தான் மெல்ல மெல்ல இரும்பு வற்றிப்போகிறார்கள் என்பது புரியும். வாசலில் விரலைக் குத்திப் பார்க்கும் ஹீமோகுளோபின் சோதனை இதைக் காட்டாது. சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். இரும்புச் சேமிப்பை அளக்கும் ஃபெரிட்டின் சோதனை காட்டும்.

தானம் செய்தவருக்குத் தேநீர் கொடுக்கும் பிரிட்டிஷ் வழக்கத்திலும் ஒன்றைக் கவனிக்கலாம். உணவோடு குடிக்கும் தேநீர் தாவர உணவிலுள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது. ஆரஞ்சுச் சாறு அதைக் கூட்டுகிறது. கீரையும் பருப்பும் சாப்பிட்டு இரும்பு சேர்ப்பவர்கள் அந்தச் சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டு, தேநீரை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டால் பலன் தெரியும்.

இனி, பரிசு என்ற விஷயம். ரத்தத்துக்குக் கைம்மாறு கொடுக்கலாமா என்பது ஐம்பது ஆண்டுகளாக நடக்கும் விவாதம். 1970-இல் பிரிட்டிஷ் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ், காசு கொடுத்து வாங்கும் ரத்தம் தரத்திலும் தாழும், தானம் செய்யும் மனத்தையும் அரித்துவிடும் என்று நூல் எழுதினார். 2008-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் அதைச் சோதித்தார்கள். தானம் செய்வதற்கான உடல் பரிசோதனைக்கு வர 50 குரோனர் தருவதாகச் சொன்னபோது, முன்வந்த பெண்களின் விகிதம் 52 சதவீதத்திலிருந்து 30 ஆகக் குறைந்தது. ஆண்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. ஆனால் பணமாக இல்லாத சிறு பரிசுகளின் கதை வேறு. வடக்கு ஒஹாயோவில் ஏறத்தாழ 14,000 முகாம்களின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், டி-ஷர்ட், கூப்பன் போன்றவை கொடுத்த முகாம்களுக்கு 15 முதல் 20 சதவீதம் கூடுதலாக ஆட்கள் வந்திருந்தார்கள். தகுதியற்றவர்கள் பரிசுக்காக வந்து குவியவும் இல்லை. கூட்டத்தில் ஒரு பகுதி பக்கத்து முகாமிலிருந்து நகர்ந்து வந்தது என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

அமெரிக்க அரசு இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. 1978 முதல் ஒவ்வொரு ரத்தப் பையிலும் அது தானமா, காசுக்கு வாங்கியதா என்று எழுத வேண்டும். எளிதில் பணமாக்கக்கூடிய பரிசு எதுவானாலும் அந்த ரத்தம் காசுக்கு வாங்கியதாகவே கருதப்படும். பெயர் எழுதிய, பிறருக்கு மாற்ற முடியாத ஒரு கோப்பை பீர் கூப்பன் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது.

ஆனால் அந்தக் கூப்பன் போய்ச் சேராத ஒரு கூட்டம் உண்டு. அமெரிக்காவில் 17 வயதில், பல மாநிலங்களில் பெற்றோர் சம்மதத்துடன் 16 வயதிலேயே, ரத்தம் கொடுக்கலாம். மது வாங்க 21 ஆக வேண்டும். பள்ளிக்கூட முகாம்களில் வரிசையில் நிற்கும் அந்தப் பிள்ளைகள்தாம் அதிகம் மயங்கி விழுகிறவர்கள். வளரும் வயதில் இரும்பும் அவர்களுக்கே அதிகம் தேவை. அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கோப்பையில் ஊசிக்கு முன்பே அரை லிட்டர் தண்ணீர் இருக்க வேண்டும். கூடவே ஒரு மாத இரும்பு மாத்திரை அட்டையும், ஃபெரிட்டின் முடிவு எழுதிய சீட்டும்.

பீர் பிரியர்களுக்கும் அதே சீட்டும் அட்டையும் கூப்பனோடு சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும் என்பதே என் விருப்பம். மறுநாள் மாலை, நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, கைக்கட்டை அவிழ்த்த பிறகு ஐந்து சதவீத பேல் ஏல் வகை பீர் ஒன்றை உட்கார்ந்து ருசிப்பதில் உடம்புக்குப் பெரிய சங்கடம் இல்லை. அன்றைக்கே ஆலையில் நண்பர்களோடு இருந்துதான் ஆக வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கிராஃப்ட் ஆலைகள் பலவும் இப்போது அரை சதவீதத்துக்கும் குறைவான ஆல்கஹால் உள்ள பீரையும் அதே ஹாப்ஸ் மணத்தோடு காய்ச்சுகின்றன. அபர்டீன் சோதனையின் கணக்கில் அது தண்ணீர்ப் பானம்தான்; ரத்தம் கொடுத்த அன்றே அதைக் குடிக்கலாம்.